பெரியவன் கூப்பிடுற நேரம்

தம்பி: பெட்டி விளக்கு இன்னும் சிவப்புதான்க்கா.

அக்கா: நல்லா பாருடா. ஆரஞ்சு மாதிரி தெரியல?

தம்பி: கண்ணாடியப் போட்டுட்டு வந்து பாரு. சிவப்பு. சுத்தச் சிவப்பு.

அக்கா: அணைச்சுட்டு மறுபடி போடு.

தம்பி: அணைச்சு அணைச்சுப் போட்டு, புதுப் பெட்டி இன்னிக்கே பழசாயிடுச்சு.

அக்கா: கடைக்காரர் என்னடா சொன்னாரு? கொண்டுபோய்ச் சொருகினாப் போதும், நெட்டு தன்னால வந்துடும்னாரா இல்லையா?

தம்பி: உனக்கு மாப்பிள்ளை பார்த்த தரகரும்தான் தங்கமான பையன்னாரு.

அக்கா: இதுல என் வீட்டுக்காரர எதுக்கு இழுக்கற? வேலையப் பாரு. நேரம் ஆகுது.

தம்பி: தெரியுதுக்கா.

அம்மா: என்னடி அங்க ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க? அந்தப் பெட்டி வேலை செய்யுதா இல்லையா?

அக்கா: செஞ்சுடும்மா! இதோ ஆச்சு! நீ எழுந்திருக்காத, படு!

அம்மா: படுத்துட்டுத்தான் இருக்கேன். வேற என்ன வேலை எனக்கு? பெரியவன் கூப்பிடுற நேரமாச்சு.

அக்கா: அதுக்குத்தாம்மா போராடிட்டிருக்கோம். பக்கத்துல வெச்சிருக்கேன் பாரு, அந்த மாத்திரைய மட்டும் போட்டுக்கயேன்.

அம்மா: அவன் பேசட்டும். பேசினதும் போட்டுக்கறேன்.

அக்கா: போட்டுட்டுப் பேசினா என்னம்மா?

அம்மா: நேத்தும் இப்படித்தான் சொன்ன. அவன் குரலே கேக்கல. முதல்ல குரல், அப்புறம் மாத்திரை.

தம்பி: நேத்து மாத்திரை போடலையா?

அக்கா: மெதுவாப் பேசு... எங்க போட்டாங்க? வாயில வாங்கிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பியிருக்காங்க. தலையணைக்கு அடியில கெடந்துச்சு.

தம்பி: ஏன்க்கா என்கிட்ட சொல்லல?

அக்கா: சொன்னா நீ என்ன கிழிச்சிருப்ப? காலையில வீங்கின பாதத்தை அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்து அப்படியே நிக்குது. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடா... கீறித் தைச்ச இதயம், இந்த மாத்திரை மட்டும் ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாதுன்னு. இன்னிக்கும் போடலன்னா...

தம்பி: போடுவாங்க. போட வெச்சுடலாம். இதை மட்டும் சரி பண்ணிடுவோம்.

அக்கா: அந்த இடி வேற எங்கயாவது விழுந்திருக்கக் கூடாதா? ஊர்ல எத்தன வீடு இருக்கு. நல்லா ஓடிட்டிருந்த பெட்டியக் கருக்கிட்டுப் போச்சே.

தம்பி: புலம்பாம அந்த டார்ச்சை இப்படிக் காட்டு. பின்பக்கம்.

அக்கா: ஒயரெல்லாம் சரியாத்தான் மாட்டினியா?

தம்பி: பழைய பெட்டியக் கழட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுட்டேன். இதோ பாரு. சுவத்துல இருக்கற வெள்ளை டப்பாவுலருந்து மஞ்ச ஒயர் வருதா? அது கடைசி ஓட்டையில. அதே மாதிரி இதுலயும் கடைசி ஓட்டை. அண்ணன் எங்க சொருகியிருந்தானோ அங்கயே சொருகியிருக்கேன்.

அக்கா: வேற ஓட்டையில போட்டுப் பார்த்தா என்ன?

தம்பி: அண்ணன் வெச்சத மாத்தறதா? டவர் உச்சியில ஏறி லைன் இழுக்கறவன்க்கா அவன். அவன் கை வெச்ச இடம் தப்பாகுமா? மாத்தினேன்னு தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவான்.

அக்கா: சரி. அந்த நெட்டுக் கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?

தம்பி: ஆள் எங்க பேசினான்? மாடி மூலையில சிக்னல் பிடிச்சு நின்னு நின்னு காலே மரத்துப் போச்சு. மெஷின் பொம்பளை பேசறா. ஒண்ணை அழுத்துங்கறா, ரெண்டை அழுத்துங்கறா, எல்லாத்தையும் அழுத்தினதும், உங்கள் பகுதியில் பழுது ஏதும் இல்லை, எங்களை அழைத்தமைக்கு நன்றிங்கறா.

அக்கா: அவ வாயில... சரி, பக்கத்து வீட்டு நெட்டை வாங்கிக்கலாமா?

தம்பி: அவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போய் ஒரு வாரமாச்சு. எதிர் வீடு இன்னும் கட்டி முடியல. இந்தத் தெருவுல நம்மள விட்டா நாய்தான் இருக்கு.

அக்கா: அப்ப அம்மாவை மெல்லத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடுவோம். அங்கதான் போன் சிக்னல் கொஞ்சம் வருதே.

தம்பி: படி ஏத்தற உடம்பா அது? அதுவும் அம்மா மாடிக்கு வந்துட்டா நான் எங்கக்கா போறது?

அக்கா: ஆமால்ல... மறந்தே போச்சு.

தம்பி: நல்லா மறந்த.

அக்கா: ஏன்டா உன் தொண்டை கரகரங்குது?

தம்பி: காலையில மழையிலதானே கடைக்குப் போனேன். கட்டிக்கிச்சு.

அக்கா: ஐயோ, இன்னிக்குப் பார்த்தா? வெந்நி வெச்சுத் தரேன், உப்புப் போட்டுக் கொப்பளி.

தம்பி: முதல்ல பச்சை எரியட்டும், அப்புறம் கொப்பளிக்கலாம். லேப்டாப்ப இப்படித் தள்ளு. பெட்டியோட உள்பக்கம் போய்ப் பார்க்கலாம். பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் புதுசா வெச்சிருக்கேன்.

அக்கா: என்ன பாஸ்வேர்ட்?

தம்பி: உனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. போனைக் குடு, நானே போட்டுத் தரேன்... ம், உன் போன் சேர்ந்துடுச்சு. நெட்டு இல்லைன்னு காட்டுது, ஆனா பெட்டியோட பேசுது. வீட்டுக்குள்ள எல்லாம் சரி. வெளியில போற வழிதான் அடைச்சிருக்கு.

அக்கா: யாரு யாரு சேர்ந்திருக்காங்கன்னு அதுல தெரியுமா?

தம்பி: தெரியுமே. இதோ... என் லேப்டாப். இது உன் போன். இது...

அக்கா: என்ன?

தம்பி: மூணாவதா ஒண்ணு இருக்கு.

அக்கா: உன் போனா இருக்கும்.

தம்பி: என் போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்குது.

அக்கா: அம்மா அண்ணன்கிட்ட பேசற டேப்?

தம்பி: அது இந்தா, என் மடியில இருக்கு. பாஸ்வேர்ட் போட்டுக் குடுக்கலாம்னு மத்தியானமே எடுத்துட்டு வந்தேன். இன்னும் தொறக்கக்கூட இல்ல.

அக்கா: பின்ன இது யாரு? பேரு போட்டிருக்குமே?

தம்பி: பேரு இல்ல. பேரு இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு மட்டும் இருக்கு.

அக்கா: தெருவுல போறவன் எவனாவது ஒட்டிக்கிட்டானா?

தம்பி: பாஸ்வேர்ட் நான் வெச்சு அரை மணி கூட ஆகல. உனக்கே சொல்லல. தெருவுல போறவனுக்கு எப்படித் தெரியும்? இரு, மாத்திடறேன். எவன்னு பார்த்துடலாம்... மாத்தியாச்சு. இப்ப என் லேப்டாப்பைத் தவிர எல்லாரையும் வெளிய தள்ளிடும்.

அக்கா: என் போன் போயிடுச்சு.

தம்பி: ம், போகணும். புதுசைப் போட்டாத்தான் திரும்ப வரும். குடு... என்னக்கா இது?

அக்கா: என்னடா?

தம்பி: உன் போன்ல இன்னும் ஒரு எழுத்துகூட நான் அடிக்கல. அது அதுக்குள்ள வந்து உக்காந்திருக்கு.

அக்கா: எது?

தம்பி: அந்தக் கோடு.

அக்கா: பெட்டி கோளாறா இருக்கும்டா. புதுசுல அப்படித்தான் இருக்கும். நீ பயப்படாத.

தம்பி: இந்தா, உன் போன்லயும் புதுசைப் போட்டுட்டேன், பிடி. எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சிக்னலை வெச்சுச் சொல்லிடலாம். உன் போனுக்குச் சிக்னல் கொஞ்சம் குறைச்சல். நீ ஜன்னல்கிட்ட நிக்கற. இது... முழுசா இருக்கு. பெட்டியை ஒட்டி வெச்ச மாதிரி.

அக்கா: பெட்டிகிட்ட நீதானேடா இருக்க.

தம்பி: ஆமா.

அக்கா: இங்க வேற யாரும் இல்லையே.

தம்பி: ஆமாக்கா. அதைத்தான் நானும் சொல்றேன்.

அக்கா: புடுங்கு. புடுங்கிப் போடுடா அந்தக் கரண்டு ஒயரை. நாளைக்கு ஆளை வரவெச்சுக்கலாம்.

தம்பி: புடுங்கிட்டேன். எல்லா விளக்கும் அணைஞ்சுடுச்சு.

அக்கா: ம்... இப்பத்தான் மூச்சே வருது.

தம்பி: நாளைக்குன்னா, இன்னிக்கு மாத்திரைக்கு என்ன பண்றது?

அக்கா: அதைத்தான் யோசிக்கறேன்... பால்ல பொடிச்சுக் கலந்து... இரு. கேளு.

தம்பி: என்ன?

அக்கா: அம்மா சிரிக்கறாங்க.

தம்பி: எதுக்கு?

அக்கா: அதானே, எதுக்கு? ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தவங்க...

அம்மா: ...போடா, போடா. நேத்தெல்லாம் வாசலையே பார்த்துட்டுக் கெடந்தேன், இப்ப வந்து கொஞ்சறான்... ம்... ம்... அங்க காத்து ரொம்பவா? காதை மூடிக்கோ... இங்கயா? நல்லாத்தான் இருக்குதுங்க ரெண்டும். ஹால்ல உக்காந்து ஒரு பெட்டியோட மல்லுக்கட்டுதுங்க.

தம்பி: யார்கிட்டக்கா பேசறாங்க?

அக்கா: ...அண்ணன்கிட்ட பேசறப்பதான் இப்படிப் பேசுவாங்க.

தம்பி: நான் இங்கதானே நிக்கறேன்!

அக்கா: வாயை மூடு, கேட்டுடும்.

தம்பி: கேக்கட்டும். நான் இங்க நிக்கறேன்க்கா. மாடிக்குப் போகல. டேப் என் கையில இருக்கு. தொண்டையை மாத்திக்கிட்டு ஒரு வார்த்தை நான் பேசல. அப்ப அங்க பேசறது யாரு?

அக்கா: தானாப் பேசிக்கறாங்களோ என்னவோ... மாத்திரை விட்டுப்போச்சுல்ல, அதுல மனசு குழம்பியிருக்கும்.

தம்பி: தானாப் பேசறவங்க இப்படி நிறுத்தி நிறுத்தி, எதிராளி சொல்றதைக் கேட்டுட்டா பேசுவாங்க?

அக்கா: என்னை எதுவும் கேக்காத. எனக்கு ஒண்ணும் ஓடல... டேய், அது அவன்தானேடா? அன்னிக்கு டவருக்கு அடியில... துணியை விலக்கிப் பார்த்தது நீதானே?

தம்பி: அவன்தான்க்கா. முழுசாப் பார்த்தேன். நீயும் நானும்தானே மண்ணு போட்டோம்.

அக்கா: அம்மா அப்ப ஆஸ்பத்திரியில கண்ணே முழிக்கல. முழிச்சதும் முதல் கேள்வி, பெரியவன் எங்கன்னு... ஒரே ஒரு தடவை அவன் மாதிரிப் பேசிடறேன், தையல் ஆறினதும் சொல்லிடலாம்னு நீதான்டா போனை எடுத்துட்டு வராண்டாவுக்கு ஓடின.

தம்பி: நீ வேண்டாம்னு சொன்னியா? முகம் காட்டக் கூடாது, அங்க படம் வராதுன்னு சொல்லிடுன்னு சொல்லிக் குடுத்தது யாரு?

அக்கா: நான்தான். நானும்தான். இப்ப அதையா பேசணும்? அங்க பாரு... கதவு ஒருக்களிச்சு இருக்கு. போய் எட்டிப் பாரேன்.

தம்பி: நீ போ.

அக்கா: நான் போக மாட்டேன்பா.

அம்மா: டேய் சின்னவனே! உன்னைத்தான்! காதுல விழுதா?

தம்பி: ...விழுதும்மா.

அம்மா: பெரியவன் சொல்றான். மஞ்ச ஒயரைக் கடைசி ஓட்டையில சொருகியிருக்கியாம். அது பழைய பெட்டிக்காம். இதுல வரிசை தலைகீழா இருக்காம். கரண்டு ஒயர் பக்கத்துல தனியா ஒண்ணு இருக்காமே, நீலமா? அதுல போடணுமாம்.

தம்பி: நீலமா?

அம்மா: ஆமாண்டா, நீலம்தான். சுண்டெலிக்கு இன்னும் ஒயர் சொருகத் தெரியலையான்னு கேட்டுச் சிரிக்கறான்.

தம்பி: அக்கா... சுண்டெலி.

அக்கா: அம்மாவுக்குத் தெரியாத பேராடா அது? சின்ன வயசுலருந்து அவன் உன்னைக் கூப்பிடறதுதானே.

தம்பி: அவன் குரல்ல பேசறப்பகூட அந்தப் பேர் மட்டும் என் வாயில வரல. ஒரு நாளும் சொன்னதில்ல.

அக்கா: ஞாபகம் வந்து அம்மாவே சொல்லியிருப்பாங்க.

தம்பி: சரி, நீல ஓட்டை? அட்டைப்பெட்டியப் பிரிச்சதே இங்கதான். அம்மா கண்ணால பார்க்கல.

அக்கா: இருக்கா முதல்ல? நீலமா ஒண்ணு?

தம்பி: டார்ச்சைக் காட்டு. இன்னும் கிட்ட.

அக்கா: இந்தா, தெரியுதா?

தம்பி: ...இருக்கு.

அக்கா: போடு.

தம்பி: பயமா இருக்குக்கா.

அக்கா: எனக்கு மட்டும் இல்லையா? போட்டுத் தொலை. என்னதான்னு தெரிஞ்சுடட்டும்.

தம்பி: மஞ்ச ஒயரை மாத்திட்டேன். கரண்டு குடுக்கறேன்... சிவப்பு... சிவப்பு... சிமிட்டுது...

அக்கா: சொல்லேன்டா!

தம்பி: பச்சை.

அக்கா: நெஜமா?

தம்பி: பச்சைதான். உன் போன்ல பாரு, மெசேஜெல்லாம் கொட்டுது. நெட்டு வந்துடுச்சு.

அக்கா: அந்தக் கோடு? அது இருக்கா பாரு.

தம்பி: லேப்டாப், உன் போன். அவ்வளவுதான். மூணாவது இல்ல.

அக்கா: டேய்.

தம்பி: என்ன?

அக்கா: அம்மா பேச்சு நின்னுடுச்சு.

தம்பி: வா. சேர்ந்தே போவோம்.

அக்கா: கையைப் பிடிச்சுக்கோ. சின்னப் பிள்ளையில பிடிச்ச மாதிரி. சிரிக்காதே.

தம்பி: யாருக்கா சிரிச்சா?

அக்கா: அம்மா... அம்மா, தூங்கறியா?

அம்மா: தூங்கல. வாங்க ரெண்டு பேரும். என்னடி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? பேயைக் கண்டவ மாதிரி நிக்கற.

அக்கா: நீ... யார்கிட்டம்மா பேசிட்டிருந்த?

அம்மா: இது என்ன கேள்வி? பெரியவன்கிட்டதான். அவன் கூப்பிடுற நேரம்தானே இது.

தம்பி: எதுலம்மா பேசின? டேப் என்கிட்ட இருக்கு, பாரு.

அம்மா: எதுலன்னா? பேசினான், கேட்டேன். உன் பெட்டி சரியாச்சா?

தம்பி: ஆச்சு.

அம்மா: அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். தொழில் தெரிஞ்சவன்.

அக்கா: அம்மா, கை ஜில்லுனு இருக்கு. போர்த்திக்கோ.

அம்மா: வேண்டாம், இதமா இருக்கு. அந்த ஜன்னலைச் சாத்தாத, இருக்கட்டும்.

அக்கா: சரி, அவன்தான் பேசிட்டானே. இந்தா, வாயைத் திற. இந்த ஒரு மாத்திரைதான்.

அம்மா: வை. அப்புறம் பார்க்கலாம்.

அக்கா: குரல் கேட்டதும் போட்டுக்கறேன்னு சொன்னியேம்மா.

அம்மா: சொன்னேன். இப்ப வேண்டாம்னு சொல்றேன்.

தம்பி: அம்மா, விளையாடாதம்மா. கால் எப்படி வீங்கியிருக்கு பாரு. இப்ப நெட்டு வந்துடுச்சுல்ல, இன்னும் கொஞ்ச நேரத்துல அண்ணன் திரும்பக் கூப்பிடுவான். நான் மாடிக்குப் போய்... ஒரு துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன். அவன் கூப்பிட்டுச் சொன்னாப் போட்டுக்குவதானே?

அம்மா: மாடிக்கு ஏறாதடா. தொண்டை கட்டியிருக்கு உனக்கு.

தம்பி: அதுக்கும்... இதுக்கும் என்னம்மா?

அம்மா: உக்காரு இப்படி, என் பக்கத்துல. நீயும் உக்காருடி, அழாத. ஆஸ்பத்திரியில முதல் தடவை கேட்டப்பவே தெரியும்டா எனக்கு, அது நீதான்னு. சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மான்னு பெரியவன் என்னைக்குக் கேட்டிருக்கான்? பெத்தவளுக்கு எந்தப் பிள்ளை பேசுதுன்னு தெரியாதா? உன் குரல்லயே அவனுக்கு என்ன ஆச்சுன்னும் தெரிஞ்சு போச்சு. ஆனா அவனா நின்னு பேசற அந்தக் கொஞ்ச நேரம்தான் உனக்கும் மூச்சு வந்துச்சு, அதான் கேட்டுட்டுக் கெடந்தேன், உனக்காக ஒழுங்கா மாத்திரையும் முழுங்கினேன். இன்னிக்கு வந்தவன் மாத்திரையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலடா. வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம்மா, பக்கத்துலதான் வந்துட்டிருக்கேன்னான்.